இலவசச் செயலிகளும் எமது வகுப்பறைகளும்: விலையை யார் செலுத்துகிறார்கள்?

கல்வி மறுசீரமைப்பின் கீழ் 6ஆம் தரத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட ஆங்கில மொடியூலில் இருந்த ஓர் இணையத்தள முகவரி, சிறுவர்கள் பார்க்கத்தகாத தளமொன்றுக்கு இட்டுச் சென்ற விடயம் 2025 டிசம்பர் இறுதியில் நாடளாவிய சர்ச்சையானது. அதையடுத்து 6ஆம் தர மறுசீரமைப்பு 2027 வரை ஒத்திவைக்கப்பட்டது. யார் பொறுப்பு, யார் பதவி விலக வேண்டும் என்பது பற்றி நிறையவே பேசப்பட்டுவிட்டது.

இந்தச் சர்ச்சையில் எமது சமூகத்தின் கருத்தும் இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகளின் படிப்புக்கு இணையமே வேண்டாம் என்றனர் சிலர். ஒரு முகவரிக்காக நாட்டின் கல்வியைப் பின்னோக்கி இழுக்க முடியாது என்றனர் வேறு சிலர். இரு சாராரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அச்சிடப்பட்ட மொடியூல் பல கைகளைக் கடந்து வந்தும் தவறு நிகழ்ந்தது. ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொரு நாளும் வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் யூடியூப் இணைப்புகளும், வினாவிடைச் செயலிகளும், படிவங்களும் எத்தனை கைகளைக் கடந்து வருகின்றன? பெரும்பாலும் அனுப்பும் ஆசிரியரின் ஒரு விரலை மட்டும்தான்.

இன்று இலங்கையில் இணையவழி இலவசக் கருவிகளைப் பயன்படுத்தாத பாடசாலை அரிது. ஆனால் எதைப் பயன்படுத்துவது, எந்த மொழியில், யாருடைய செலவில், பிள்ளையின் எந்தத் தகவலைக் கொடுத்து என்பதற்கு அநேகமான பாடசாலைகளில் எழுதப்பட்ட ஒரு பக்கம்கூட இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

அவசரத்தில் வந்து நிரந்தரமானவை

2020 மார்ச் நடுப்பகுதியில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமக்கு எவரும் பயிற்சி தரவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது. எனினும் பெரும்பாலான ஆசிரியர்கள் நாடியது கையிலிருந்த வட்ஸ்அப்பைத்தான். வசதியுள்ள பாடசாலைகள் ஸூமுக்குச் சென்றன. ஆசிரியர் தமது சொந்தத் தொலைபேசியில், சொந்தச் செலவில் போட்ட டேட்டாவில் கற்பித்தார். 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் பல மாதங்கள் போராடியதற்குச் சம்பள முரண்பாடு பிரதான காரணமாக இருந்தது. அரசு வழங்காத உபகரணத்தில் அரசின் வேலையைச் செய்கிறோம் என்ற மனக்குறையும் அந்தப் போராட்டத்துக்கு வலுச் சேர்த்தது.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. அவசரத்துக்கென எடுத்த கருவிகள் அதன் பின்னர் எம்மை விட்டுப் போகவேயில்லை. இன்று பாடக்குறிப்பு, வீட்டுவேலை, பெற்றோர் கூட்ட அறிவித்தல், தவணைப் பரீட்சைப் புள்ளி என அனைத்தும் அதே வட்ஸ்அப் குழுவில்தான். நோன்பு கால விடுமுறையில் முஸ்லிம் பாடசாலைகள் மூடியிருக்கும் வாரங்களில் சாதாரண தர மாணவர்களுடன் தொடர்பைப் பேணுவதும் அதே குழுவினூடாகத்தான். அவசர ஏற்பாடு நிரந்தர வழக்கமாகிவிட்டது. அதற்கான ஒழுங்குவிதிகள் மட்டும் இன்னும் வரவில்லை.

உண்மையில் பயன் தருபவை

குறைகளைப் பேசுமுன் நன்மையைச் சொல்வதே நியாயம். விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத, அல்லது ஆய்வுகூடம் இருந்தும் உபகரணம் இல்லாத பாடசாலைகள் எமது பிரதேசங்களில் குறைவில்லை. அவற்றுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' போலச்செய்கைகள் பெரும் கொடை. பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் ஆரம்பித்த இத்திட்டம் இன்றும் இலவசமே. விளம்பரம் இல்லை, பிள்ளை கணக்குத் திறக்கத் தேவையில்லை. ஒரு தடவை தரவிறக்கி வைத்தால் இணைய இணைப்பின்றியும் இயங்கும். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முப்பது பிள்ளைகள், ஒரு மடிக்கணினி, ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர். இரு மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால் கூடிய வெளிச்சமா, சமாந்தரமாக இணைத்தால் கூடிய வெளிச்சமா என்று முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் கொப்பியில் தமது விடையையும் காரணத்தையும் எழுதிய பின்னரே திரையில் சுற்றை இணைக்க வேண்டும். தமது ஊகம் பிழைத்த பிள்ளை "ஏன் சேர்?" என்று கேட்கும் அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. குறுஞ்சுற்று ஏற்படுத்தினால் திரையில் மின்கலம் தீப்பற்றும். வகுப்பே சிரிக்கும், எவருக்கும் காயம் இல்லை. அதே போலச்செய்கையை ஆசிரியர் மட்டும் இயக்கிக் காட்டி, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னொரு தொலைக்காட்சி நிகழ்ச்சிதான்.

கணிதத்துக்கு 'ஜியோஜீப்ரா'. வட்டத்தின் ஒரு வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம், அதே வில் பரிதியின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்பதைக் கரும்பலகையில் ஒரு படத்தில்தான் காட்டலாம். ஜியோஜீப்ராவில் பரிதியிலுள்ள புள்ளியை இழுத்துச் செல்லச் செல்லக் கோணம் மாறாதிருப்பதைப் பிள்ளை தன் கண்ணால் காண்கிறது. நிறுவலை அதன் பின்னர் எழுதும்போது அது மனனமாக இருப்பதில்லை.

இவற்றுக்கு அப்பால் எமது நாட்டுக்கே உரியவையும் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் அனைத்தும் தமிழில் கிடைக்கின்றன. ஈ-தக்சலாவவில் பாடத்திட்டத்துக்கு அமைவான வளங்கள் உள்ளன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ், முஸ்லிம் வெளியீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வரலாறும் தமிழ் இலக்கியமும் கற்பிப்போர் அங்கு பழைய சஞ்சிகை ஒன்றின் ஒரு பக்கத்தை எடுத்து வகுப்பில் காட்டினாலே பாடம் வேறொரு நிறம் பெறும்.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் காட்போட் பெட்டியிலும் தீப்பெட்டியிலும் கற்பித்தல் துணைச்சாதனங்கள் செய்தோம். அங்கு சொல்லித் தந்த விதி எளிமையானது. முதலில் பாடத்தின் நோக்கம், பிறகு செயற்பாடு, கடைசியில்தான் சாதனம். செயலிகளுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். இன்று பலர் செயலியை முதலில் கண்டுபிடித்துவிட்டு அதற்கேற்ற பாடத்தைத் தேடுகின்றனர்.

தமிழ்தான், ஆனால் எந்தத் தமிழ்?

இவ்விடயத்தில் பெற்றோர் பெரும்பாலும் அறியாத ஓர் ஆபத்து உண்டு. யூடியூபில் தமிழில் விஞ்ஞானம் தேடும் பிள்ளைக்கு முன்னால் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகளே. அவற்றில் பல மிகச் சிறந்தவை. ஆனால் அவை தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கலைச்சொற்களில் அமைந்தவை.

ஒட்சிசன் அங்கு ஆக்சிஜன், மூலகம் அங்கு தனிமம், ஆர்முடுகல் அங்கு முடுக்கம். இவை வெறும் பெயர் வேறுபாடு. பிள்ளை சற்றுத் தடுமாறிப் புரிந்துகொள்ளும். பிரச்சினை ஒரே சொல் இரு பொருளில் வரும்போதுதான். எமது பாடநூலில் திணிவு கிலோகிராமிலும் நிறை நியூட்டனிலும் அளக்கப்படும். தமிழ்நாட்டில் நாம் திணிவு என்பதை 'நிறை' என்பர். நாம் நிறை என்பதை 'எடை' என்பர். அந்தக் காணொளியைப் பார்த்த பிள்ளை "நிறை கிலோகிராமில் அளக்கப்படும்" என்று எமது பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்காது. காணொளி சொன்னதும் பிழையில்லை, எமது பாடநூல் சொல்வதும் பிழையில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளைதான் பிழையாகிப் போகிறது.

வேகமும் அப்படித்தான். எமக்கு 'கதி' எண்ணிக் கணியம், 'வேகம்' காவிக் கணியம். தமிழ்நாட்டில் நாம் கதி என்பதற்குப் பெயர் 'வேகம்', நாம் வேகம் என்பதற்குப் பெயர் 'திசைவேகம்'. சாதாரண தர மாணவர் முட்டி மோதும் அலகு ஒன்றில் இது எவ்வளவு பெரிய குழப்பம் என்பதைக் கற்பிப்பவர்கள் அறிவர்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிலும் இதே நிலைதான். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர் எமது மாணவர்களின் வீட்டுவேலைகளில் 'முடுக்கம்', 'வேதியியல்' என்ற சொற்கள் அடிக்கடி தலைகாட்டத் தொடங்கின. தமிழில் கேட்டால் அது பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கிலேயே விடையளிக்கிறது. ஆசிரியருக்கு அது நகல் பிடிக்கும் கருவியாகப் பயன்படலாம். ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லாத தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் பிள்ளைக்கு இந்தச் செயலியே ஆசிரியராகிவிடுகிறது. திருத்துவதற்கு அங்கு எவரும் இல்லை.

1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை, அக்காலத்தின் புதிய தொழில்நுட்பமான அச்சைக் கண்டு அஞ்சவில்லை. அதைச் சமூகத்தின் மொழியில், சமூகத்தின் தேவைக்காகப் பயன்படுத்தினார். பிறர் அச்சிட்டதை வாங்கிப் படித்தால் போதும் என்று அவர் இருந்திருந்தால் எமது கல்வி வரலாறு வேறாக இருந்திருக்கும். எமது பாடத்திட்டத்துக்கு, எமது கலைச்சொற்களில், எமது ஆசிரியர்களே குறுங்காணொளிகளைத் தயாரிக்காத வரையில் இக்குழப்பம் தீராது.

இலவசம் என்பதன் விலை

இலவசம் என்ற சொல்லுக்கு இந்நாட்டில் ஒரு கௌரவம் உண்டு. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த இலவசத்துக்கு அரசு பணம் செலுத்துகிறது, அரசு பொறுப்பும் கூறுகிறது. செயலியின் இலவசம் வேறு வகையானது. அங்கு செலவு மூன்று இடங்களில் விழுகிறது.

முதலாவது, குடும்பத்தில். நாட்டில் கணினி உள்ள வீடுகள் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. மற்றைய வீடுகளில் தந்தையின் தொலைபேசிதான் வகுப்பறை. தந்தை இரவு வேலை முடிந்து வந்த பின்னரே பிள்ளைக்கு வீட்டுவேலை தெரியவரும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. தொலைபேசிகளுக்கு இருந்த விலக்கும் நீங்கியது. "இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று ஆசிரியர் அனுப்பும் அரைமணிநேரக் காணொளிக்கு ஒரு நாட்கூலிக் குடும்பம் ரீலோட் போட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஆசிரியரின் உழைப்பில். 'எட்மோடோ' தளத்தில் பாடங்களையும் வினாக்களையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆசிரியர்கள் உலகெங்கும் இருந்தனர். 2022 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. கூகுளின் 'ஜாம்போர்ட்' வெண்பலகை 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஸூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்பது அனைவரும் அறிந்ததே. வாடகை இல்லாத வீட்டில் குடியிருப்பவருக்கு எழுப்பும்போது எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, பிள்ளையின் தகவலில். 2022 மே மாதம் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளின் அரசுகள் பெருந்தொற்றுக் காலத்தில் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 89 சதவீதமானவை சிறுவர் உரிமைகளை மீறும் அல்லது ஆபத்துக்கு உள்ளாக்கும் வகையில் தரவுகளைக் கையாண்டதாக அறிக்கையிட்டது. 2023 மே மாதம், மேலே கூறிய எட்மோடோ நிறுவனம் சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோரின் உரிய அனுமதியின்றிச் சேகரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாகக் கூறி, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 60 இலட்சம் டொலர் தண்டப்பணத்தை அறிவித்தது.

எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சிறுவர் பற்றிய தரவுகளை அது விசேட வகையாகக் கருதுகிறது. ஆயினும் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, தந்தையின் தொலைபேசி இலக்கம் அனைத்தையும் ஒரு கூகுள் படிவத்தில் நிரப்பச் சொல்லிக் குழுவில் போடுவது எமது பாடசாலைகளில் சாதாரண விடயம். அந்தப் படிவத்தை யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டால் அனுப்பியவருக்கே தெரியாது.

வட்ஸ்அப் குழுவும் எமது பெண் பிள்ளைகளும்

வட்ஸ்அப்பில் கணக்கு வைத்திருக்கக் குறைந்தபட்ச வயது 13. 6ஆம், 7ஆம் தரப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதுதான். எனவே அந்த வகுப்புகளில் குழுவில் இருக்க வேண்டியது பெற்றோர், பிள்ளை அல்ல. உயர் வகுப்புகளில் வேறொரு சிக்கல். சாதாரண குழுவில் சேரும் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற அனைவருக்கும் தெரியும். கலவன் பாடசாலையொன்றில் பெண் பிள்ளையின் இலக்கம், அல்லது தாயின் இலக்கம், நாற்பது வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் பின் வரும் தேவையற்ற செய்திகள் பற்றிப் பெற்றோர் அதிபரிடம் முறையிடுவதில்லை. பிள்ளையின் தொலைபேசியைப் பறித்துவிடுகின்றனர். அத்துடன் அவளது இணையவழிக் கல்வி முடிந்துவிடுகிறது. அண்ணனின் தொலைபேசி அவனிடமே இருக்கிறது.

இதற்கான தீர்வு அந்தச் செயலியிலேயே உள்ளது. நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பக்கூடியவாறு குழுவை அமைக்கலாம். 'கொமியுனிட்டி' என்ற ஏற்பாட்டின் அறிவித்தல் குழுவில் உறுப்பினர்களின் இலக்கங்கள் ஒருவருக்கொருவர் தெரியாதவாறு வைக்கலாம். நிர்வாகியாக ஓர் ஆசிரியரும், உடன் ஓர் ஆசிரியையும் இருக்கலாம். இரவு 8 மணிக்குப் பின் செய்தி இல்லை என்று விதி வைக்கலாம். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. பெற்றோர் எம்மிடம் ஒப்படைத்த இலக்கமும் பெயரும் புகைப்படமும் அமானிதம். தொலைபேசியில் இருப்பதால் அதன் கனம் குறைந்துவிடாது.

செய்யக்கூடியவை

கல்வி அமைச்சும் தேசிய கல்வி நிறுவகமும் பாடவாரியாகச் சோதித்து அங்கீகரித்த கருவிகளின் பட்டியலொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். அதை வருடாந்தம் புதுப்பிக்க வேண்டும். அச்சிடும் ஒவ்வோர் இணைய முகவரியும் அரச தளத்தின் ஊடாகவே திறக்குமாறு செய்தால், பின்னர் ஒரு தளம் கைமாறினாலும் பாதை ஓரிடத்தில் மாற்றப்படும். 2020இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் வலையமைப்பின் ஊடாகக் கட்டணமற்ற இணைய அணுகல் வழங்கப்பட்டது. அத்தகைய ஏற்பாடு ஈ-தக்சலாவவுக்கு நிரந்தரமாக, எல்லா வலையமைப்புகளிலும் இருக்க வேண்டும்.

வலய மட்டத்தில் ஆசிரியர் ஆலோசகர்கள் மாதத்துக்கு ஒரு தடவை பத்து நல்ல வளங்களைத் தெரிந்து, கலைச்சொல் வேறுபாடுகளைக் குறித்து, பென் டிரைவில் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம். இணையம் எட்டாத பாடசாலைக்கும் இது எட்டும். அதிபர்கள் தமது பாடசாலைக்கென ஒரு பக்க விதியொன்றை எழுதலாம்: ஆசிரியர் முழுமையாகப் பார்க்காத எதையும் பிள்ளைக்கு அனுப்புவதில்லை, கணக்குத் திறக்கக் கோரும் செயலிக்குப் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி, தொலைபேசியில்லாத பிள்ளைக்கு அதே வேலை தாளில்.

பழைய மாணவர் சங்கங்களிடமும் தனவந்தர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட் போர்ட் அன்பளிப்புச் செய்து திறப்பு விழா நடத்துவது நல்ல விடயம்தான். ஆனால் குமிழ் பழுதாகித் துணி போர்த்திய புரொஜெக்டர்களும், கடவுச்சொல் தெரிந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதால் பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளும் எம்மிடம் ஏராளம். மாதாந்த இணையக் கட்டணம், திருத்த வேலை, ஓர் இளைஞருக்குச் சிறு கொடுப்பனவு என்பவற்றுக்கு ஒரு நிதியை ஏற்படுத்துவதும் ஸதகா ஜாரியாதான், பெயர்ப்பலகையில் வராவிட்டாலும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் மஃரிபுக்குப் பின்னர் ஓர் அறையை இணைய வசதியுடன், மேற்பார்வையாளர் ஒருவருடன் திறந்து வைத்தால், வீட்டில் தொலைபேசி இல்லாத பிள்ளையும் அங்கிருந்து படிக்கும். பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் வேறு நேரம் ஒதுக்கலாம்.

ஆசிரியர்களாகிய எமக்கும் வேலை இருக்கிறது. ஒரு பிரதேசத்தின் விஞ்ஞான ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஓர் அலகு எடுத்து, ஐந்து நிமிடக் காணொளிகளாகப் பதிவுசெய்தால், ஒரு வருடத்தில் 10ஆம், 11ஆம் தரங்களின் கடினமான பகுதிகளை எமது சொற்களில் முடித்துவிடலாம். சாதாரண தொலைபேசியும் ஒரு கரும்பலகையும் போதும். அதற்கான ஆரம்பக் கூட்டத்துக்கு அடுத்த தவணை விடுமுறையின் ஒரு காலைப்பொழுது போதுமானது.

6ஆம் தர மறுசீரமைப்பு 2027இல் திரும்பி வரும்போது, அதனுடன் புதிய இணைப்புகளும் புதிய செயலிகளும் வரும். அவற்றை யார் சோதிப்பார், எந்தத் தமிழில் வரும், யார் செலவு செய்வார் என்ற கேள்விகளைக் கேட்க எமக்குக் கிடைத்திருக்கும் கால அவகாசம் இதுதான். இப்போது கேட்காவிட்டால் இன்னொரு சர்ச்சை வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.